மகாரி

பதினொரு வருசமாய் இத்தாலியன் படிக்கிறேன்,
ஒரு பெயர்ச்சொல்லும் தெரியாது.
பாணுக்கு என்ன பெயரோ, கடலுக்கு என்னவோ.
பாஷையூரில் இருந்துகொண்டு
கடலுக்கு இன்னொரு பெயர் எனக்கெதற்கு?

தெரிந்ததெல்லாம்
எமில் ரெலிபோனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு
பலெர்மோவில் யாருக்கோ திரும்பிச் சொல்லும்
அரைச் சொல்லுகள்.

"போ."
முதல் தடவை கேட்டதும் போனை வைத்துவிட்டேன்.
மூன்று நாள் எடுக்கவில்லை.
நாலாம் நாள் சொன்னார்:
உன்னையில்லையப்பா,
சிஞ்ஞோரா தன்ரை கண்ணாடி எங்கையெண்டு கேட்டவ,
போ எண்டால் ஆருக்குத் தெரியும்.
தோளைத் தூக்கி, உதட்டைப் பிதுக்கிச் சொல்லவேணும்.
போனில் தோள் தெரிவதில்லை.

"ஊஃபா."
ஐந்து மாடி, லிப்ட் இல்லை,
கையில் சிஞ்ஞோராவின் தண்ணீர்ப் போத்தல்கள்.
சொல்லில்லை அது, வெளியே போகிற காற்று.
கூட்டுறவுக் கடையில் மண்ணெண்ணெய் வரிசை நீண்டால்
பில் எழுதிக்கொண்டே நானும் விடுவேன் ஒரு ஊஃபா.
எனக்கு இழுப்பு என்று சனம் கதைக்கிறது.

"தாய், தாய்" என்று கெஞ்சுவார் சாப்பாட்டு நேரத்தில்.
அந்த மனுசியைத் தாயாக்கிப்போட்டான் பிள்ளை என்று
மாமி கண்ணைத் துடைத்தா.
பிறகுதான் விளங்கியது,
அது எங்கடை குடியுங்கோவன், வாங்கோவன் என்பதில்
வாலில் தொங்குகிற 'வன்' மட்டும்.
மாமிக்கு நான் சொல்லவில்லை.
அவ சாகும்வரை அது தாயாகவே இருந்தது.

ஆண்பால் பெண்பால் இல்லை இவற்றுக்கு,
நேற்று நாளை இல்லை,
வேற்றுமை ஏற்பதில்லை.
எல்லை தாண்ட ஒரு கடதாசியும் கேட்பதில்லை.
அதனால்தான் என் வீட்டுக்கும் வந்து சேர்ந்தன.

ஒரு மாரி இரவு. மழை. லைன் இரைகிறது.
அவர் மக்கரோனி வடித்துக்கொண்டு கதைக்கிறார்.
கொதிதண்ணீர் கையில் ஊற்றுப்பட்டது.
"ஆஹி!" என்றார்.

ஐயோ இல்லை.
அம்மா இல்லை.
ஆஹி.
கையைக் குழாயில் பிடியுங்கோ என்றேன்.
ஆள் அங்கே போய்ப் பதினொரு வருசம்,
வலிக்கு அண்டைக்குத்தான் வதிவிட அனுமதி கிடைத்தது.

வாற நத்தாருக்கு வருவீங்களோ என்று கேட்டால்
ஒவ்வொரு வருசமும் ஒரே மறுமொழி:
"மகாரி."
அது இனிப்பான சொல்.
முடிவில் நாக்கு கொஞ்சம் உருளும்.
ஓம் என்பதற்குக் கிட்டத்தான் என்று வைத்துக்கொண்டு
ஏழு நத்தாருக்கு வாசல் கதவுக்குப் பெயின்ற் அடித்தேன்.

போன கிழமை கிறேசியன் சீனி வாங்க வந்தார்.
கத்தானியாவில் இருபது வருசம்,
காணி விற்க வந்த மனுசன்.
மிச்சக் காசை எண்ணிக் குடுத்துக்கொண்டே
தற்செயலாய்க் கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

அவர் சீனிப் பையைக் கீழே வைத்தார்.
பின்னாலை ஒரு சொல் வந்தால், தங்கச்சி,
வந்தாலும் வருவன் எண்டு அர்த்தம்.
தனிய நிண்டால்
வரக்கிடைச்சால் எவ்வளவு நல்லம்,
ஆனால் எங்கை.

அண்டு பின்னேரம் முழுக்கக் கணக்குப் பிழைத்தது.
பின்னால் ஏதும் வந்ததா?
மூச்சு வந்தது. ஒருக்கால் இருமல்.
சிஞ்ஞோராவின் மணி.
சொல் வந்த ஞாபகம் இல்லை.

நேற்று எடுத்தார்.
மேல்மாடி ஒண்டு போடுவமே,
நான் வந்தால் காத்தாட இருக்கலாம் என்றார்.
நான் தோளைத் தூக்கினேன்,
உதட்டைப் பிதுக்கினேன்.
"போ" என்றேன்.

எந்த மொழியில் என்று
அவரே முடிவெடுக்கட்டும்.

கனநேரம் சத்தமில்லை.
பிறகு மெதுவாய், "இஞ்சேர்" என்றார்.
காதைப் போனோடு ஒட்டவைத்துக்கொண்டு நின்றேன்.
அதற்குப் பின்னாலும்
ஒரு சொல் வரவில்லை.